கல்லில் கிடந்த சூடு

பெங்களூரின் தென்கோடியில், சந்தாபுராவைத் தாண்டி, முந்நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வளாகத்தில் இரவுக் காவலராக இருக்கும் சாலமன், சுற்றறிக்கைகளை முழுதாகப் படித்து, படித்தபடியே நடக்கும் அரிய பிறவி. ‘உயிருள்ள எவரும் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே வரக்கூடாது’ என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீஹர்ஷா ஒட்டிவைத்த தாளை அவர் மூன்று முறை படித்தார். அதன்படி ஒரு திங்கள் இரவு பதிவேட்டில் இப்படி எழுதினார். பெயர்: சிறுத்தை. வந்த நேரம்: 2.10. யாரைப் பார்க்க: பின்பக்கத் தொட்டி. காரணம்: தண்ணீர். கையொப்பக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டார். பிறர் கையெழுத்தைத் தாமே போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

காலையில் செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார்.

“ஏனு சாலமன் இது? தமாஷ் பண்றீங்களா? சிறுத்தை வந்து, தண்ணி குடிச்சிட்டு, டைமுக்கு வெளிய போச்சா?”

“அவுட் டைம் போடல சார். எப்ப போச்சுன்னு இருட்டுல தெரில.”

இந்த நேர்மைதான் அவரைக் கவிழ்த்தது. டூட்டியில் தூங்கி, கனவு கண்டு, அந்தக் கனவைச் சங்கத்தின் பதிவேட்டிலும் ஏற்றியதாக மெமோ வந்தது. சனிக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் ஆதாரம் காட்டினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் சீருடையை மடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயது சாலமனுக்கு இது இரண்டாவது மடிப்பு. முதலாவது கோலார் தங்கவயலில் நடந்தது. சுரங்கத்தை மூடியபோது தலைத்தொப்பியையும் விளக்கையும் ஒப்படைத்துவிட்டு, மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்துபோய், கடைசியில் அங்கேயே லிங்கராஜபுரத்தில் குடியேறியவர். மகள் தாரணி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மூன்றாம் வருடம் இந்தச் சீருடையை நம்பித்தான் இருந்தது.

மெமோ விஷயம் வளாகமெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் நான்காவது மாடி ஹரிஷ்குமார். ஈரோட்டுக்காரர். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரையும் இரண்டு நாள் காட்டையும் பார்ப்பவர். புதன்கிழமை இரவு கீழே இறங்கி வந்து, கைக்கு அடக்கமான ஒரு கறுப்புக் குழலை நீட்டினார்.

“அண்ணா, இத ஒத்தக் கண்ணுல வச்சுப் பாக்கணும். இது வெளிச்சத்தப் பாக்காது, சூட்டைத்தான் பாக்கும். வெள்ளையாத் தெரிஞ்சா சூடு, கறுப்பாத் தெரிஞ்சா குளுரு. இந்தப் பட்டன அமுக்குனா போட்டோ விழும். மறந்துறாதீங்க.”

“உசுரு இருக்கறதெல்லாம் வெள்ளையாத் தெரியும்னு சொல்லுங்க தம்பி.”

“அதேதான். கீழ மட்டும் போட்டுறாதீங்கண்ணா, நான் அழுதுருவேன்.”

சாலமன் பின்பக்கத்துப் பம்பு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்தார். ஒன்பது வருடமாகக் காவல் காத்த உலகம் அல்ல அது. மரங்கள் கரியாக நின்றன. கிளையில் உறங்கும் காகம் பஞ்சுப் பொதியாக ஒளிர்ந்தது. சுவரோரம் பெருச்சாளி ஒன்று வெள்ளிக் கட்டியாக உருண்டு போனது. இவ்வளவு பேர் தினமும் கையெழுத்துப் போடாமல் உள்ளே இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. “ஸ்தோத்திரம்” என்றார் மெதுவாக. தொட்டிக்குப் பக்கத்தில் வட்டமாக, வெள்ளையாக, அசையாமல் ஒன்று படுத்திருந்தது. கால்மணி நேரம் மூச்சை அடக்கி அதற்கு மரியாதை செலுத்தினார். அது பகல் சூடு ஆறாத சாக்கடைத் தொட்டியின் மூடி.

வியாழக்கிழமை உண்மையானது வந்தது. சுவரின் மேல் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கோடு வளைந்தது, வழிந்தது, தரையில் சிறுத்தையாக நின்றது. புள்ளி ஒன்றும் தெரியவில்லை. முழுக்க முழுக்க வெறும் உயிர். மூக்கு நுனி மட்டும் கறுப்பு. தொட்டியில் குனிந்து குடித்து நிமிர்ந்தபோது தாடையும் கறுத்திருந்தது. அதிலிருந்து கறுப்புச் சொட்டுகள் விழுந்தன. குளிர்ந்த நீர் ஒரு சூடான மிருகத்தைவிட்டு இறங்குவதை, துளித் துளியாக, சாலமன் பார்த்தார்.

“போட்டோ?” என்றார் ஹரிஷ்குமார் காலையில்.

“என் கை எங்க இருந்துச்சுன்னே தெரில தம்பி.”

வெள்ளிக்கிழமை கடைசி இரவு. தூங்கும் காவலரைக் கையும் களவுமாகப் பிடிக்கச் செயலாளர் இரண்டரை மணிக்கு வந்தார். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. வெற்றிக் களிப்போடு பின்பக்கம் போய்ப் பம்பு அறைக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து, சங்கத்தின் செயலாளரைச் சட்டையோடு பிடித்து உள்ளே இழுத்தது.

“உஷ்! இப்பதான் சார் சுவரு ஏறிப் போச்சு.”

“போச்சா? சரி, நாளைக்கு நீங்களும் போயிடுங்க.”

சாலமன் குழலைச் செயலாளர் கண்ணில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினார்.

தொட்டியருகே கருங்கல் பலகை. அதன்மேல் யாரும் இல்லை. ஆனால் பலகையில் ஒரு சிறுத்தை கிடந்தது. அது படுத்திருந்த இடம் வயிறாக, தொடையாக, ஒரு முன்னங்காலாக வெள்ளையாய் மின்னியது. வால் கிடந்த இடத்தில் மெல்லியதாக ஒரு நூல்.

சுவருக்கு அப்பால் நாய்களின் குரைப்பு தொலைவாகும்வரை சாலமன் காத்திருந்தார். பிறகு வெளியே போய், பலகையில் புறங்கையை வைத்தார். தங்கவயலின் அடியில் பாறை எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க சுரங்கத்து ஆட்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

“வாங்க சார், வச்சுப் பாருங்க.”

ஸ்ரீஹர்ஷா வைத்தார். வளாகத்தில் எதையும் நம்பாத அந்தக் கை கல்லிலேயே கிடந்தது.

“அய்யோ சாலமன்... பெச்சகே இதெ.” வெதுவெதுப்பு அவருக்குத் தாய்மொழியான கன்னடத்தில்தான் வந்தது.

குழலை வைத்து மறுபடி பார்த்தார்கள். முதலில் வால் அணைந்தது. பிறகு கால். கடைசியில் கல்லில் இரண்டு மனிதக் கைகளின் தடம் மட்டும் கொஞ்சநேரம் ஒளிர்ந்து, அதுவும் போனது.

“போட்டோ எடுத்தீங்களா?” என்றார் செயலாளர்.

“குழல் உங்க கையிலதான சார் இருந்துச்சு?”

சனிக்கிழமை கூட்டத்தில் செயலாளர் எழுந்து நடந்ததைச் சொன்னார். பொருளாளர் தமயந்தி கணக்குக்கு வராத எதையும் ஏற்காதவர்.

“சிறுத்தையப் பாத்தீங்களா சார்?”

“சிறுத்தைய இல்ல மேடம். அது படுத்திருந்த சூட்டைப் பாத்தேன்.”

“மணி?”

“ரெண்டரை.”

“அந்த நேரத்துல யாருக்குமே தூக்கக் கலக்கம் வர்றதுதான் சார்.”

கூட்டம் சிரித்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஸ்ரீஹர்ஷா ஒரு சாட்சியைத் தேடினார். சீருடையை ஒப்படைக்க நேர்ந்தால் சுத்தமாக இருக்கட்டும் என்று துவைத்துத் தேய்த்துப் போட்டு, கதவோரம் நின்றிருந்தார் சாட்சி.

“சார் தூங்கல மேடம்,” என்றார் சாலமன். “நான் கூடவே இருந்தேன். கண்ணு நல்லாத் தொறந்துதான் இருந்துச்சு. வாயும்.”

காவலரை நம்பாமல் செயலாளரை நம்ப வழியில்லை என்ற சிக்கலைக் கூட்டம் அரைமணி நேரம் அலசியது. மெமோ ரத்தானது. வனத்துறைக்குச் சொல்வது என்றும், இரவில் பின்சுவர்ப் பக்கம் யாரையும் விடுவதில்லை என்றும் முடிவானது. எல்லோரும் கலைந்த பிறகு தமயந்தி கதவருகே தயங்கி நின்றார்.

“சாலமன், அந்தக் குழல எனக்கும் ஒருவாட்டி தருவீங்களா?”

“ஜன்னல் வழியாத்தான் பாக்கணும் மேடம். ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க. சென்ட் மட்டும் போட்டுக்க வேணாம்.”