எங்கள் பேர் போட்ட அட்டைப்பெட்டி

துனீசியாவில், பிசெர்த் ஊரில் இருக்கிற எங்கள் பேக்டரியில் பேக்கிங் மேசை என்றால் மப்ரூக்காதான். ஒரு பெட்டி கோணலாக இருந்தால் போதும், வாயில் போட்டு மென்றுவிடுவாள். நான் பக்கத்து மேசையில் போர்டு சோதிக்கிறவள். அவளிடம் நான் வாங்காத திட்டா!

பம்ப் மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுதான் எங்கள் சரக்கு. எல்லாம் பிரான்சுக்குத்தான் போகும். திடீரென்று அவர்கள் ஆர்டரைக் குறைத்தார்கள். எங்கள் லைனை மூடப் போவதாகப் பேச்சு. இத்தாலியில் இருக்கும் மப்ரூக்காவின் புருஷன், "அதை விட்டுட்டு இங்க வந்து சேரு" என்று நச்சரித்தான். அவளோ, "போய் எவன் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறது? எனக்கு என் மேசை இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எகிப்திலிருந்து ஷுக்ரி என்கிற பம்ப் கம்பெனிக்காரர் ஆர்டர் கொடுத்தார். எங்கள் நாடு, எகிப்து, மொராக்கோ எல்லாம் சேர்ந்த நாலு அரபு நாட்டு ஒப்பந்தம் இருக்கிறதே, அதில் வரி கிடையாது. மொராக்கோ ஒயரைப் போட்டாலும் அது நம் நாட்டுச் சரக்காகவே கணக்காகும். மேனேஜர் சி லம்ஜத் ('சி' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா') துள்ளிக் குதித்தார்.

மப்ரூக்கா என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அலமாரியைத் திறந்து நல்ல தட்டை எடுக்கிற ஆளுங்க நாங்கள். அதே மாதிரி, பிரெஞ்சுக் கம்பெனி பேர் அச்சடித்த பளபளப்பான பெட்டிகள் மிச்சம் இருந்தன, அவற்றிலேயே சரக்கை எல்லாம் அடுக்கி அனுப்பிவிட்டாள். "முதல் தடவை போகுது. அசிங்கமாவா அனுப்புறது?" நாங்களும் ஆகா என்றோம். சி லம்ஜத்தும்தான்.

எகிப்துக்குப் போகிற சரக்குகூட ஐரோப்பாவில் இறங்கி, கப்பல் மாறித்தான் போகும். பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிற பிழைப்பு! எகிப்துத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் பார்த்தார்கள். வந்த வழி ஐரோப்பா, பெட்டியில் பிரான்ஸ். இது துனீசியச் சரக்கு என்றால் யார் நம்புவார்கள்? முழு வரி கட்டு, இல்லையென்றால் திருப்பி எடுத்துப் போ என்றுவிட்டார்கள்.

சரக்கு திரும்பி வந்தது. "லைனுக்கே உலை வச்சுட்டியே அக்கா!" என்று சி லம்ஜத் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குத் தலையாட்டினது யாராம்? மப்ரூக்கா கண் கலங்கவில்லை. "சாதாப் பெட்டி எடுங்கடி" என்றாள்.

பழுப்புப் பெட்டி வந்தது. ஊர்ப் பேரை அடிக்க ரப்பர் அச்சைத் தேடினால், அப்படி ஒன்று பேக்டரியிலேயே இல்லை! இத்தனை வருஷமாகச் சரக்கு ஏற்றுமதி பண்ணுகிறோம், எங்கள் பேரைப் போட ஓர் அச்சு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இப்படி இருந்தால் நாடு எங்கே உருப்படும்? மப்ரூக்கா கடைவீதிக்குப் போய்ச் செய்து வாங்கி வந்தாள். 'பிசெர்த், துனீசியா'. ஒவ்வொரு பெட்டியிலும் அவளே குத்தினாள்.

இந்தத் தடவை வரியில்லாமல் இறங்கியது. கொஞ்ச நாளில் ஷுக்ரி போன் செய்தார். எகிப்து டி.வி. நாடகத்தில் வருகிற மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுவார். சி லம்ஜத் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பேக்கிங் அக்கா இருக்காங்களா? எங்ககிட்ட போர்டு வாங்குற கடைக்காரங்க, இத்தனை நாள் வாங்கின பிரான்ஸ் பெட்டிதான் வேணும்ங்கிறாங்களே."

சி லம்ஜத் கையைக் காட்டி அவளை அடக்கப் பார்த்தார். அவளா அடங்குவாள்?

"பிரான்ஸ் வேணும்னா பிரான்சுலயே வாங்கிக்கச் சொல்லுங்க. வரியையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்க!"

போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

ஷுக்ரி சிரித்தார். "அதையேதான் நானும் சொன்னேன்கா. பிரான்ஸ் விலையைக் கேட்டதும் வாயை மூடிட்டு உங்க பெட்டியையே வாங்கிட்டுப் போறாங்க. அடுத்த தடவை ரெண்டு மடங்கு அனுப்புங்க."

நாங்கள் குலவை போட்டோம். மப்ரூக்கா மட்டும் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரக்கு திரும்பி வந்தபோதுகூட அழாதவள், இப்போது விசும்பி விசும்பி அழுதாள். அழுதுகொண்டே அந்த அச்சைத் துடைத்து, நல்ல தட்டை வைக்கிற மாதிரி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.