லில்லி வயிற்றுக்குள் ஒரு ஷீட்

பாறசாலைப் பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது என் தொழில். என் மனைவி லில்லிக்குக் குடலிலிருந்த கேன்சர் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குடல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க உள்ளே மெல்லிய ஷீட் வைத்திருப்பதாகவும், அது தானாகக் கரைந்துவிடும் என்றும் டாக்டர் சொன்னார். தினமும் நடக்கவும் சொன்னாராம். ஷீட் என்றதுமே மீதி என் காதில் ஏறவில்லை. ஈர ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே வைத்த பிளாஸ்டிக் தாள் நழுவினால் எல்லாம் ஒட்டிப்போகும் என்று எனக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்ததும் லில்லியை மல்லாக்கப் படுக்கவைத்தேன். "எழும்பாத, ஷீட்டு விலகிப்போவும்." அவள் இருமினால்கூட முறைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் வயிறு பானைபோல் உப்பியது. காற்றும் பிரியவில்லை. கட்டி திரும்பிவிட்டதோ என்று அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அடைப்பு எதுவும் இல்லை, அசையாமல் கிடந்ததால் காற்று தங்கிவிட்டது என்றார். நான் எழும்பவே விடவில்லை என்று லில்லி சொன்னதும் நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, ஷீட்டு வச்சது குடல் ஒட்டாம இருக்கதுக்காக்கும். நீங்க ஆளைக் கட்டில்ல ஒட்டி வச்சிருக்கியளே!"

லில்லியை வராந்தாவில் நடக்கவிட்டார்கள். நாலாவது சுற்றில் காற்று பிரிந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. நான் கைதட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் டாக்டர் சொன்னதை அவரிடமே திருப்பி ஒப்பித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆனாலும் மத்தியானம் உண்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தால் லில்லி வந்து நிற்கிறாள்.

"எழும்பி நடங்க. உங்க வயித்துக்குள்ள ஷீட்டுகூட இல்ல, ஒட்டிப்போவும்!"