கதவுக்காரரும் உள்ளே போகாத கூண்டும்

அந்த விண்வெளி அருங்காட்சியகத்தில் கதவுக்காரர் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வாசலில் நின்று கதவு திறந்துவிடுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்த ஒரு டீச்சரம்மாவைக் கால் கடுக்க நிற்கவைத்து வகுப்பெடுத்தவர் அவர். பெரிய மண்டபத்தில் இறக்கை விரித்துக் கிடக்கிறதே பழைய விண்கலம், அது பறந்துகொண்டிருந்த காலத்தில் அதன் சரக்கு அறைக் கதவுகளைத் திறந்து மூடிச் சோதிக்கும் பிரிவில் குப்பை கொட்டியவர். கலத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள், இவருக்கும் கொடுத்தார்கள். கலத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இவரும் பின்னாலேயே வந்து வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிடுகிற அப்பா மாதிரி. அதை அவர் கலம் என்று சொல்லவும் மாட்டார். ‘நம்ம கப்பல்’ என்றுதான் சொல்வார்.

தங்கமான மனிதர்தான். ஒரே ஒரு கோளாறு. ‘நான் சொன்னது தப்பு’ என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. வண்டி மாறி ஏறி வேறு ஊரில் போய் இறங்கினால், அந்த ஊரைப் பார்க்கத்தான் கிளம்பினேன் என்பார். கல்யாணமான புதிதில் சர்க்கரை என்று நினைத்துக் காபியில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, கடைசிச் சொட்டுவரை சப்புக்கொட்டிக் குடித்தார் என்று அவர் மனைவி சொல்வாள். நான் அதை முழுசாக நம்புகிறேன்.

அவருக்கு ஆகாத சாமான் ஒன்று உண்டென்றால் அது இந்தக் காலத்து விண்வெளிக் கூண்டு. விண்வெளிக்கு ஆள் ஏற்றிப்போவதற்காகச் செய்தது. கூம்பு மாதிரி இருக்கும், இறக்கை கிடையாது, திரும்பி வரும்போது பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கடலில் விழும்.

“இதெல்லாம் ஒரு வண்டியா? இறக்கை இல்ல, சக்கரம் இல்ல, தொப்புனு தண்ணியில விழுது. இதைத் தூக்கி நம்ம கப்பலோட வயித்துக்குள்ள போட்டு, கதவைச் சாத்திட்டு, நாம பாட்டுக்குப் பறக்கலாம் தெரியுமா?” என்பார், வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம்.

வெறும் வாயால் சொன்னால் போதாதே. அவர் மனைவி அருங்காட்சியகத்துக்குள்ளேயே பொம்மைக் கடை வைத்திருந்தாள். அவளுடைய அலமாரியிலிருந்து கப்பல் பொம்மை ஒன்றும் கூண்டுப் பொம்மை ஒன்றும் எடுத்துவருவார். கப்பலின் முதுகுக் கதவுகளை விரலால் திறப்பார், கூண்டை உள்ளே வைப்பார், கதவை மூடுவார். டக். கூட்டம் கைதட்டும். தட்டிய கையோடு போய் இரண்டு பொம்மைகளையும் வாங்கும்.

மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “என்னங்க, பெட்டியில போட்டிருக்கறதைப் பாருங்க. ரெண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கல. கப்பலைக் கொஞ்சமாச் சுருக்கியிருக்காங்க, கூண்டை ரொம்பச் சுருக்கிட்டாங்க. அதனாலதான் உள்ள போகுது.”

“பெட்டியில ஆயிரம் போடுவான். கண்ணால பாக்கறதை நம்புவியா, அட்டையில இருக்கறதை நம்புவியா?”

அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கல்லாவைப் பார்க்கப் போய்விட்டாள். இருபுறமும் லாபமாக இருக்கிற மூடத்தனத்தை யார்தான் வலிந்து திருத்துவார்கள்?

இப்படியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால், நிஜமாகவே விண்வெளிக்குப் போய்வந்த கூண்டு ஒன்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்தில் இடம் ஒன்றுக்குத்தான் இருந்தது. இயக்குநர் சுவரில் பட்டங்களை மாட்டி, அவற்றுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காருகிற ஆசாமி. அவர் ஊழியர்களைக் கூட்டி அறிவித்தார்: “புதுசு உள்ள வரட்டும். பழசைப் பின்பக்கத் திறந்தவெளிக்கு மாத்திடலாம். வெளிய இருந்தாலும் அது கம்பீரமாத்தான் இருக்கும்.”

கம்பீரமாம்! நாலு மழை பார்த்தால் சூடு தாங்க மேலே ஒட்டிய ஓடெல்லாம் ஊறி உதிரும். அன்றிலிருந்து கதவுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை வாசலில் படுக்கச் சொன்னது போல அவர் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாளே இரண்டு பொம்மைகளோடு இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். “சார், எதையும் வெளிய அனுப்ப வேண்டாம். கப்பலுக்குள்ளயே கூண்டை வச்சிடலாம்.” திறந்தார், வைத்தார், மூடினார். டக்.

இயக்குநரின் கண் விரிந்தது. “கலத்துக்குள்ள கலம்! உலகத்துல எவன் வச்சிருக்கான்?” என்று துள்ளினார். அவரும் பெட்டியைப் பார்க்கவில்லை. பராமரிப்புப் பொறியாளர் மட்டும், “அளந்து பாத்தீங்களா?” என்று இழுத்தார்.

“அந்தக் கதவுக்குக் கீழயே வாழ்ந்தவன்கிட்ட அளவைப் பத்திக் கேக்கறீங்களா?” என்று கதவுக்காரர் ஒரே போடாகப் போட்டார். பொறியாளருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். விட்டுவிட்டார்.

விழா நாள் வந்தது. சிறப்பு விருந்தினர் வந்தார், படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள், மண்டபத்துக்குள் கிரேன் வந்தது. கம்பி கட்டி இழுத்ததும் முனகிக்கொண்டே கதவுகள் திறந்தன. எத்தனையோ வருஷம் கழித்து அந்த வயிற்றுக்குள் வெளிச்சம் விழுந்தது. கதவுக்காரர் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார். அதைக் கேலி செய்ய எனக்கே வாய் வரவில்லை.

பிறகு கூண்டு இறங்கியது. மெல்ல, மெல்ல. கப்பல் வயிற்றின் இரண்டு விளிம்பின்மேலும் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

“இன்னும் இறக்குங்க!” என்றார் கதவுக்காரர்.

“எங்கண்ணே இறக்கறது? உக்காந்துருச்சு,” என்றார் கிரேன்காரர்.

“கொஞ்சம் சாய்ச்சு விட்டுப் பாருங்க.”

சாய்த்தார்கள், திருப்பினார்கள், கிட்டத்தட்டக் கெஞ்சினார்கள். ஒரு முழம் இடித்தது. சிறப்பு விருந்தினர் தன் செல்போனில் மும்முரமாகிவிட்டார். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “கூண்டை எடுங்க. கதவை மூடுங்க. பழசை வெளிய தள்ளுங்க,” என்றார்.

கூண்டை எடுத்தாயிற்று. கதவு மூடவில்லை. எடையே இல்லாத வெளியில் திறப்பதற்காகச் செய்த கதவு அது. தரையில் தன் கனத்தையே தாங்காது. திறக்கவோ மூடவோ நீளம் முழுக்க இரும்புச் சட்டம் தாங்கிப் பிடிக்கவேண்டும். அந்தச் சட்டத்தை, இடத்தை அடைக்கிறது என்று அருங்காட்சியகமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது. சும்மா கம்பி கட்டி இழுத்ததில் கதவு கோணிக்கொண்டது. இனி யார் வந்தாலும் மூடாது. இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்தான் கதவுக்காரர். கூண்டு உள்ளே போகவேண்டுமே என்ற ஒரே நினைப்பில், சோறு போட்ட வித்தையை அடியோடு மறந்துபோனார்.

பொறியாளர் கையை விரித்தார். “வயிறு திறந்தபடி மழையில வச்சா நாசமாயிடும். கலத்தைக் கொடுத்தவங்க நம்மைச் சும்மா விடமாட்டாங்க.” வேறு வழியில்லை. கப்பல் உள்ளேயே இருந்தது. கூண்டு பின்பக்கத் திறந்தவெளிக்குப் போயிற்று. கடலில் விழுவதற்கென்றே செய்த சாமானை மழை என்ன செய்துவிடும்?

அப்போதுதான் கிரேன்காரர் வந்து கதவுக்காரரின் தோளில் தட்டினார். “பலே ஆளுண்ணே நீங்க! மூடாதுன்னு தெரிஞ்சேதானே தொறக்க வச்சீங்க? கப்பலைக் காப்பாத்திட்டீங்களே!”

காவலாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். கதவுக்காரர், “அது வந்து...” என்று ஆரம்பித்தார். ஒரு பக்கம் முட்டாள் பட்டம், இன்னொரு பக்கம் கில்லாடிப் பட்டம். அவர் வாயை மூடிக்கொண்டு புன்னகை செய்தார். அந்தப் புன்னகை சாயங்காலத்துக்குள் இயக்குநர் காதுவரை போய்விட்டது.

கூப்பிட்டு அனுப்பினார். மனைவியும் கூடவே போனாள். இயக்குநர் எதிர்பாராத அளவுக்குத் தன்மையாகப் பேசினார். “நானும்தான் நம்பினேன். தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லுங்க, வேலையில இருங்க. தெரிஞ்சே பண்ணியிருந்தா, இன்னையோட கிளம்புங்க. எது?”

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் வாயைத் திறந்தார். ‘தப்பு’ என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை.

“கதவுக்காரன் சார் நான்,” என்றார். “எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. பின்பக்கத்துக்கு மட்டும் யாரும் வரலாம். ஆகவே தினமும் மனைவியோடு கிளம்பி வந்து, அவள் கடையை மூடும்வரை, தனக்கு ஆகாத அந்தக் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் சோகம் கிடையாது. ஊரே தன்னைக் கில்லாடி என்கிறது என்ற நிம்மதி.

ஒருநாள் மதியம் மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“உங்க இடத்துல புதுசா ஒரு பொண்ணைப் போட்டிருக்காங்க,” என்றாள். “கதவு ஏன் திறந்தே இருக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க.”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?”

“ஊழியர் ஒருத்தர் பொம்மையை வச்சுத் தப்புக் கணக்குப் போட்டுட்டாருன்னு. அப்படித்தான் சொல்லணும்னு இயக்குநர் எழுதிக் கொடுத்திருக்காரு. உங்க தந்திரத்துல ஏமாந்தேன்னு சொன்னா அவருக்குக் கேவலமில்லையா?”

கதவுக்காரர் எழுந்தார். விறுவிறுவென்று மண்டப வாசலுக்கு நடந்தார். காவலாளி குறுக்கே கைநீட்டி, “அண்ணே, வேணாம்ணே,” என்றார். பழைய மரியாதை, ஆனால் கையை எடுக்கவில்லை.

கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தார். ஈரம் படாமல் கப்பல் நின்றது. அந்தப் பெண் திறந்த கதவுகளைக் காட்டி ஏதோ சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “அது தப்பு!” என்று கத்திக்கொண்டே அவர் கண்ணாடியைத் தட்டினார். முன்னால் நின்ற ஒரு குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்துக் கையாட்டியது.