என் மகள் என்னிடம் கேட்காதது

என் மனைவி இறந்த கொஞ்ச நாளிலேயே அவள் பெயருக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஆயிரம் ரூபாய் நின்றுபோனது. குடும்பத் தலைவிக்கான பணம் அது. தாலுகா ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். வீட்டில் வேறு பெண்கள் உண்டா என்றார். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி என்றேன். அவளுக்கு இருபத்தொரு வயது ஆகட்டும், அப்போது வாருங்கள் என்றார்.

மலையடிவாரத்தில் ஒரு டிபன் கடையில் எனக்கு வேலை. வருகிற சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். அந்த ஆயிரத்தை என் மனைவி எதற்குச் செலவழித்தாள் என்று அவள் இருந்தவரை நான் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் என்னை அண்ணா என்பாள். அவள் புருஷன் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறான்; அவளும் வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குப் பணம் தவறாமல் வந்தது. பணம் வருகிற அன்றைக்கு அவள் பையோடு என் வாசலைத் தாண்டிப் போனாலே எனக்கு வயிறு எரியும். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டுக்கு வருகிறது, ஒற்றை ஆளாக நிற்கிறவனுக்கு நின்றுவிட்டதே என்று. அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவள் கொடுத்தனுப்பும் குழம்பை மகள் மட்டும் சாப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மகள் பக்கத்து வீட்டிலிருந்து துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதும் அழ ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் வாசலில் நின்று சொன்னாள்.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்கண்ணா. அண்ணி இருக்கசொல்ல மாசா மாசம் நாப்கின் வாங்கிக் குடுத்துகினு இருந்தாங்க. இஸ்கூல்ல குடுக்கறது பத்தல. பொண்ணு பழைய துணியை வச்சிகினு போயி, பாவாடையெல்லாம் கறையாகி வந்து நின்னா. அதான் எனக்குப் பணம் வரசொல்ல அவளுக்கும் சேத்து வாங்கிடறேன்."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன் மகளிடம்.

"உன்கிட்ட எப்படி நைனா கேக்கறது?" என்றாள்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ முன்னைவிடப் பெரிய பொறாமை. பணம் அவளுக்கு வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் கூச்சமில்லாமல் போய்க் கேட்கிற இடமும் அவளாகிவிட்டதே.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். அலமாரியில் நிறைய பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. எதைக் கேட்பதென்று தெரியாமல், காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த மாதத்திலிருந்து டிபன் கடையில் பாத்திரம் கழுவும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அதில் வருவதை அப்படியே மகள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவள் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையோடுதான் கடைக்குப் போகிறாள். தெருமுனை வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இதுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை.