கூட்டாத மண்

காரைதீவைக் கடந்து கார் வயல் வெளிக்குள் இறங்கியதும், பின்னால் இருந்த ஸம்றா முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"வாப்பா, மறுகாவும் கருகுற மணம் வருது."

சரீப் கண்ணாடியை இறக்கினான். மணம் குறையவில்லை. காற்று வரும் துவாரத்திலிருந்து நூல் பிரிந்தாற்போல வெள்ளைப் புகை இழைந்து வந்தது.

"அது பழைய ஒயில் மகள். நான் மூடி கழட்டக்குள்ள ஊத்துப்பட்டது, சூட்டுக்கு எரியிது. முடிஞ்சா நிண்டுரும்."

இதையேதான் நேற்றும் சொன்னான். முந்தநாளும் சொன்னான். பக்கத்தில் இருந்த மனைவி பஸ்மினா கைப்பையைத் திறந்து, மகளின் மூச்சு மருந்துப் பம் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஸம்றாவுக்கு முட்டு வருத்தம். தூசி, புகை, எது பட்டாலும் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். போன வருடம் ஆட்டோவில் பாடசாலைக்குப் போய்வந்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணாடி பூட்டி ஓடக்கூடிய ஒன்று வேண்டும் என்று இந்தப் பழைய காரை வாங்கினார்கள். பஸ்மினா படிப்பிப்பதும் மகள் படிப்பதும் அக்கரைப்பற்றில். சாய்ந்தமருதிலிருந்து தினமும் இரண்டு பேரும் போய்வர வேண்டும். சரீபின் விடுமுறை இந்தக் கிழமையோடு முடிகிறது. அதன்பின் காரும் பிள்ளையும் பஸ்மினாவின் பொறுப்பு.

நிந்தவூர் தாண்டியபோது ஸம்றா இருமினாள். இரண்டாவது இருமலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்தது, விசிலை வாய்க்குள் அமுக்கி ஊதியதுபோல.

"நிப்பாட்டுங்க" என்றாள் பஸ்மினா.

வரம்போரமாக நிறுத்தினான். அவள் மகளை இழுத்துக்கொண்டு காற்று வரும் பக்கமாக ஓடினாள். சரீப் பொனட்டைத் தூக்கினான். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து, அவன் கண்ணுக்குத் தெரியாத மூலையிலிருந்து, புகை சுருண்டு எழுந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றிப் பார்த்தார்.

"என்ன தம்பி, காருக்குள்ள நெல்லு அவிக்கிறயா?"

சரீப் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அங்கே பிள்ளை பம்மை வாயில் வைத்து உறிஞ்சுகிறாள். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்குகின்றன. நெடுநேரத்துக்குப் பிறகுதான் அந்தத் தோள்கள் அடங்கின. மீதி வழி தாயும் மகளும் பஸ்ஸில் போனார்கள். பஸ்மினா ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரில் சரீபை மெக்கானிக் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கட்டாரில் பெரிய வேர்க்‌ஷொப் ஒன்றில் வேலை என்றால் வேறென்ன நினைப்பார்கள்? உண்மையில் அவன் இருப்பது அந்த வேர்க்‌ஷொப்பின் ஸ்டோரில். கம்பி வலை போட்ட யன்னலுக்கு உள்ளே நின்று, கேட்கிறவர்களுக்கு நட்டுக் கழற்றும் சாவியும் ஸ்பேனரும் எடுத்துக் கொடுப்பான். மாலையில் திருப்பி வாங்கித் துடைத்து வைப்பான். எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். ஒரு நட்டைக்கூட அவன் பூட்டியதில்லை. ஊரார் நினைப்பதை அவன் திருத்தவும் இல்லை.

இந்த விடுமுறையில் எஞ்சின் மேல்மூடியின் ஓரமாக ஒயில் கசிந்தது. பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் வினோஜ் பார்த்துவிட்டு, "பெக்கின் போயிற்று அண்ணே, அடுத்த கிழமை கொண்டாங்க, மாத்துவம்" என்றான். அடுத்த கிழமை சரீப் ஊரில் இருக்கமாட்டான். அதைவிட, இதற்கும் ஒருவனிடம் போய் நிற்பதா என்று இருந்தது. கல்முனையில், மூடிக்கடியில் வைக்கும் றப்பர் பெக்கின் வாங்கினான். போனில் வீடியோ பார்த்தான். மூடியைக் கழற்றி, மாற்றி, இறுக்கிவிட்டு, கறுத்த கைகளை மகளிடம் காட்டி, "இது வாப்பா செய்த வேல" என்றான்.

அன்றிலிருந்துதான் இந்தப் புகை. ஆனால் ஒன்றில் அவன் உறுதியாக இருந்தான். ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹ் தொழுது, கடற்கரைப் பக்கம் நடந்து வந்து, வீட்டுக்குள் போகுமுன் குனிந்து காருக்கடியில் பார்ப்பான். வெள்ளை மண். ஈர்க்குமாறு இழுத்த வரிகள் மட்டும். ஒரு சொட்டு இல்லை. கீழே ஒழுகாத கார் புகைத்தால், அது சிந்திய பழைய ஒயில்தானே?

அடுத்த நாள் அவனுக்குக் கடற்கரைக்குப் போக மனம் வரவில்லை. தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தான். கேற் திறந்தே கிடந்தது. பஸ்மினா காரின் முன்பக்கம் முழங்காலில் இருந்தாள். ஈர்க்குமாறு பக்கத்தில் கிடந்தது. காருக்கடியிலிருந்து எதையோ சிரட்டையால் அள்ளினாள். பிறகு வேலியோரத்து மண்ணைக் கைநிறைய எடுத்து, அந்த இடத்தில் தூவினாள்.

"என்ன செய்யிற?"

அவள் கை அப்படியே நின்றது.

"கூட்டுறன்."

"சிரட்டைக்குள்ள என்ன?"

அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். மண், கருப்பட்டி போலக் கட்டியாகக் கறுத்திருந்தது.

"எப்ப இருந்து?"

"நீங்க பூட்டின அடுத்த நாள்ல இருந்து."

"ஏன்டி சொல்லல்ல?"

"நீங்கதானே சொன்னீங்க, பழைய ஒயில், வடிஞ்சு முடிஞ்சிரும் எண்டு. வடியட்டும் எண்டு இருந்தன். முத்தத்துல கறுப்புக் கிடந்தா பக்கத்து ஊட்டுச் சுல்பிகா ராத்தா கேப்பா, தெரு முழுக்கக் கதைப்பா. போற நேரத்துல உங்கட மூஞ்சி விழுந்துரும் எண்டு நினைச்சன்."

"மண்ணுல ஒண்டும் இல்ல எண்டுதானே நான் பழைய ஒயில் எண்டு சொன்னன்!"

சத்தம் கூடிவிட்டது. உள்ளே ஸம்றா இருமும் ஒலி கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சும்மா இருமல்தான். விசில் இல்லை.

பஸ்மினா எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. ரோட்டுல புள்ளைக்கு இழுத்தா நான்தான் தனிய நிக்கணும். அல்லாஹ்க்காகச் சொல்லுங்க, இந்த வேல உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

சரீப் சிரட்டையைப் பார்த்தான்.

"தெரியா" என்றான். "நான் சாவி எடுத்துக் குடுக்கிற ஆள். பூட்டுற ஆள் இல்ல."

"இத அண்டைக்கே சொல்லியிரிந்தா நான் மண்ணள்ளித் திரிஞ்சிருக்க மாட்டனே" என்றாள் அவள்.

வினோஜுக்குப் போன் எடுத்தான். வினோஜ் ஒரு உறவுக்காரரின் மரண வீட்டுக்காகத் திருக்கோவில் என்ற ஊருக்குப் போயிருந்தான். அந்தக் கிழமை அவன் வரமாட்டான். வெயில் ஏறியதும் சரீப் மூடியைத் திரும்பக் கழற்றினான். பின்மூலையில், சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே, றப்பர் தன் பள்ளத்திலிருந்து விலகி, நசுங்கி, நாக்குப்போல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முன்பக்க நட்டுக்களை அவன் முதலிலேயே முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தான். மூடி ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு மூலையிலிருந்து ஒயில் குழாயில் விழுந்து எரிந்தது, மீதி மண்ணில் சொட்டியது.

புது றப்பர் வந்தது. இந்த முறை பஸ்மினா போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் வீடியோவை நிறுத்தினாள்.

"நடுவுல இருந்து வெளியால. கொஞ்சம் கொஞ்சமா எண்டுதான் காட்டுறான். நீங்க ஓடாதீங்க."

"ஓடல்ல."

"ஓடுறீங்க. இறுக்கினது காணும், அடுத்ததுக்குப் போங்க."

குழாயில் ஒட்டியிருந்த பழைய ஒயிலைத் துணியால் துடைத்துத் துடைத்து அவன் விரல் தோல் உரிந்தது. மூடியைப் பூட்டியதும் பஸ்மினா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனி முத்தம் கூட்டுறல்ல."

அடுத்த நாள் வெயில் ஏறியும் முற்றம் கூட்டாமல் கிடந்தது. முருங்கைச் சருகு, கோழி கிளறிய தடம், ரொபி மிட்டாய்க் கடதாசி. அடுத்த வளவுச் சுல்பிகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, ஊட்டுல ஆருக்கும் சொகமில்லையா? முத்தம் இப்பிடிக் கிடக்கு?"

"காருக்குத்தான் ராத்தா சொகமில்ல. ஒயில் ஒழுகிது. பத்தியத்துல வெச்சிரிக்கம்."

உள்ளே நின்ற சரீபுக்குக் காது சுட்டது. ஆனால் வெளியே வந்து, "ஓம் ராத்தா, நான் பூட்டின பூட்டு" என்றான்.

அவன் போகும்வரை மண்ணில் ஒன்றும் விழவில்லை. ஆனால் கார் அதுவரை தெருமுனைக்குத்தான் போய்வந்தது. அக்கரைப்பற்று ஓட்டம் அவன் போன பிறகுதான்.

கட்டாரில், யன்னலுக்கு உள்ளே நின்றபோது போன் அதிர்ந்தது. பஸ்மினா படம் அனுப்பியிருந்தாள். கூட்டாத மண், சருகு, பூனைக் கால் தடம், காரின் நிழல். நிழலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அவன் விரலால் பெரிதாக்கினான். யன்னலுக்கு வெளியே ஒருவன் ஸ்பேனருக்குக் கை நீட்டியபடி நின்றான்.

குரல் செய்தியும் வந்தது. முதலில் ஸம்றா: "வாப்பா, மணம் இல்ல. கண்ணாடி பூட்டிக்கிட்டுத்தான் வந்த நாங்க." பிறகு பஸ்மினா: "ஒரு சொட்டு இரிக்கி. நேத்து ஓடி வந்து நிப்பாட்டினதுக்குப் பொறகு விழுந்தது. புகை இல்ல. சுத்தி ஈக்கிலால கோடு போட்டு வெச்சிரிக்கன். இன்னொண்டு விழுந்தா வினோஜ்ட கொண்டு போவன், புள்ளய பஸ்ஸுல ஏத்துவன். உங்களுக்கும் சொல்லுவன்."

படத்தைத் திரும்பப் பார்த்தான். புள்ளியைச் சுற்றி, கோணலாக, ஒரு வட்டம் இருந்தது.