ஒலக்கூர் வரை போன பை

காலை எட்டு பத்துக்கு, விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில், என் மகனின் பையை ஒரு பஸ்ஸின் ஜன்னல் வழியாக உள்ளே போட்டேன். அந்த நொடியிலிருந்துதான் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் பஸ்ஸில் இடம் பிடிப்பது இப்படித்தான். வண்டி நிற்பதற்குள் துண்டோ பையோ சீட்டில் விழுந்துவிட வேண்டும். விழுந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது, பிறகு நிதானமாக ஏறலாம். பி.காம் படித்து, அரிசி ஆலையில் கணக்கெழுதும் நானும் இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அன்றைக்குத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஆறரை மணி டவுன் பஸ்ஸில் நானும் மகன் தினேஷும் கிளம்பினோம். எனக்கு மகளிர் இலவசச் சீட்டு, அவனுக்கு மட்டும் டிக்கெட். தினேஷ் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்து நான்கு வருடமாக விழுப்புரம் பைபாஸில் லாரி பட்டறையில் வேலை செய்கிறான். நியூசிலாந்தில் லாரி கம்பெனி ஒன்றுக்கு மெக்கானிக்குகள் தேவை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அங்கிருந்து வந்தவர்கள் திண்டிவனத்தை அடுத்த ஒரு ஷெட்டில் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். பத்தரை மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ இருக்க வேண்டும். தேர்வு வைப்பவர்கள் அன்று இரவே விமானம் ஏறுகிறார்கள், மறுவாய்ப்பு கிடையாது. ஷூவும் நீலச் சட்டையும் பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான் இருந்தன.

படிக்கட்டில் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"திண்டிவனம்லாம் ஏறாதீங்க. பைபாஸ்ல போவுது, ஊருக்குள்ள போவாது. மெட்ராஸ் டிக்கெட்டு மட்டும் ஏறு."

"சார், உள்ள பை இருக்கு" என்றேன். பின்னாலிருந்த கூட்டம் என்னை ஓரமாகத் தள்ளியது. தினேஷ் ஜன்னலுக்கு ஓடினான். விசில் கேட்டது, வண்டி நகர்ந்துவிட்டது.

நிலையத்தின் வாசல் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தவன் சொன்னான்: "ம்மா, பை மெட்ராஸ் போவுது. நாமதான் இன்னும் விழுப்புரத்துலயே நின்னுகினு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போதும் அந்த வண்டியின் பின்கண்ணாடி கண்ணுக்குள் நிற்கிறது.

நேரக் காப்பாளர் அறைக்குப் போனோம். அவர் திட்டவில்லை. எந்த வண்டி என்று பார்த்து, கண்டக்டரின் செல்லுக்குப் போட்டார். பேசி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பை பத்திரமா இருக்குதும்மா. பக்கத்து சீட்டு அம்மா யாரையும் அதுல உக்கார விடலியாம். எடம் புடிச்சவங்க வருவாங்கன்னு சண்ட போட்டுகினு இருக்குதாம். ஒலக்கூர் தாண்டி ஓட்டல்ல கால் மணி நேரம் நிப்பாங்க. அங்க கல்லாவுல குடுத்துட்டுப் போவச் சொல்லியிருக்கேன்."

அடுத்த வண்டி எட்டரைக்கு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையும் ஓடின. நான் எதையும் பார்க்கவில்லை. தினேஷ் என்னவோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். "இந்த வண்டிக்குக் கிளட்ச் போவப் போவுது" என்றான், பரீட்சைக்குப் போகிறவன் மாதிரியே இல்லாமல்.

ஒன்பதே காலுக்குத் திண்டிவனத்தில் இறங்கினோம். ஒலக்கூருக்கு நான் போவதென்றும், அவன் ஷெட் கேட்டில் போய் நிற்பதென்றும் முடிவு செய்தோம். பேரைக் கூப்பிடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். விழுப்புரத்துக்கு வடக்கே நான் தனியாகப் போனதே இல்லை. கடல் தாண்டிப் போகப்போகிறவன் என்னிடம், "பயப்படாத, ஆட்டோவுல போயிட்டு அதே ஆட்டோவுல வந்துடு" என்று சொல்லிக்கொடுத்தான்.

ஆட்டோக்காரர் போகவர ஐந்நூறு கேட்டார். பேரம் பேசவில்லை.

"இன்னா அவசரம்க்கா?"

சொன்னேன்.

"பாஸ்போர்ட்ட யாராவது ஜன்னல் வழியா வீசுவாங்களா? நானெல்லாம் லுங்கியதான் வீசுவேன்" என்றார். ஆனால் வண்டியை ஜல்தியாகத்தான் விட்டார்.

ஒலக்கூர் தாண்டி, திண்டிவனத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் அந்த ஓட்டல். வாசலில் பஸ் எதுவும் இல்லை. கல்லாவில் கேட்டேன், பை ஏதும் தரவில்லை என்றார்கள்.

"ஏம்மா, இந்தப் பைதானே?"

டீ மாஸ்டருக்குப் பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மா, மடியில் எங்கள் பையோடு. பொம்மையார்பாளையத்துக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். விழுப்புரத்தில் உறவினர் வீட்டு வளைகாப்புக்கு வந்துவிட்டு, சென்னையில் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். அவர் வந்த பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டிருந்தது.

"கல்லாவுல குடுக்கச் சொன்னாரு கண்டக்டரு. உள்ள ஷூவு கனமா இருந்துச்சு, மேல பாஸ்போர்ட்டு தெரிஞ்சுச்சு. யார் வூட்டுப் புள்ளயோ, எங்கயோ போவ வச்சிருக்குது, விட்டுட்டுப் போவ மனசு வர்ல. எனக்கு இன்னா, அடுத்த வண்டி வரும்." பிறகு குரலை உயர்த்தினார். "எடம் புடிச்சா ஏற வேணாமா? உங்க சீட்டுக்காக ரெண்டு ஆம்பளைங்களோட மல்லுக்கு நின்னேன், தெரியுமா?"

அவர் டிக்கெட்டுக்கு நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "ஜல்தி போ தங்கச்சி, பேஜாரு பண்ணாத" என்று ஆட்டோவைக் காட்டினார். பெயரை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நான்கு வழிச்சாலையில் திரும்ப இடம் கிடைக்காமல், சென்னைப் பக்கமாகவே இன்னும் கொஞ்சம் போய் வளைந்து வந்தோம். கேட்டுக்கு வந்தபோது பத்து இருபத்தாறு. தினேஷ் தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவன் கை நிதானமாக இருந்தது. என் கைதான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்யத் தெரியாமல் தடவியது.

கேட் மூடியது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். பயம் போகவில்லை, ஆனால் அவன் வேலையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சிறு வயதில் பம்புசெட் நின்றால் அழாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறவன் அவன். அவனை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன் என்பதுதான் தெரியவில்லை. ஒலக்கூர் போய் வரவே இத்தனை பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயும் யாராவது பக்கத்து சீட்டில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் யாரையும் பார்க்காமல் நடந்தார்கள். கடைசியாகத் தினேஷ் வந்தான், முழங்கை வரை கரி, நெற்றியில் பாதுகாப்புக் கண்ணாடி பதிந்த தடம். என் பாட்டிலிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தான்.

"வேலைக்கு எடுத்துக்கினாங்கம்மா" என்றான். முந்தானையால் அவன் கைக் கரியைத் துடைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்:

"அங்க ரொம்பக் குளிராம். கம்பளிச் சட்டை எடுத்துகினு வரச் சொல்றாங்க. அதெல்லாம் நம்ம ஊர்ல எங்கம்மா விக்கிறாங்க?"