இசைவாணிக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரை

கப்பலூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மடிப்பு மேசையில் நிற்கும் பெண்கள் எதற்கென்றாலும் பாண்டிச்செல்வியிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. வாய்த்துடுக்கு என்று சூப்பர்வைசர் முணுமுணுப்பார். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, வில்லாபுரத்தில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவளுக்கு அந்த வாய் இல்லாமல் முடியாது.

மூன்றாவதாக உண்டானது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. ரத்தப்போக்கு நிற்காமல், அவள் பிழைத்ததே பெரும்பாடு. "இன்னொரு பிரசவத்த இந்த உடம்பு இப்போதைக்குத் தாங்காதும்மா. ரத்தம் ஊறட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். ஆபரேஷன் என்றதும் மாமியார் அழகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா?" புருஷன் பாண்டிராஜ் கெட்டவனில்லை. ஆனால் அம்மா பேசும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அதனால்தான் அவள் ஒரு சாயங்காலம் கருத்தடை மாத்திரை கேட்டுத் தெருமுனை மெடிக்கலுக்குப் போனாள். கடைக்காரர் முத்திருளன் தெரிந்தவர்.

"டாக்டர் சீட்டு இருக்கா தங்கச்சி? இந்த மாத்திரையெல்லாம் சீட்டு இல்லாம நான் குடுக்கிறதில்ல."

"போன மாசம் ஊர்ப் பொங்கலுக்கு நாள் தள்ளிப்போட மாத்திரை குடுத்தீகளே அண்ணே. அதுக்குச் சீட்டு கேக்கலையே."

முத்திருளன் குரலை இறக்கினார். "அது சாமி காரியம். இது அப்படியா? நாளைக்கு உன் மாமியா வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டா நான் என்ன பதில் சொல்ல?"

சட்டம் என்ன சொல்கிறது என்று பாண்டிச்செல்விக்குத் தெரியாது. அவர் சட்டத்துக்குப் பயந்து பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம், வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஒரு கடையில் கேட்டாள். அங்கே இருந்தவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அவளுக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது.

மாத்திரை அவள் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. ராத்திரி பயமில்லாமல் படுத்தாள். இந்த நிம்மதியை ஒருத்தியிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். "அக்கா, எனக்கும் ஒரு அட்டை" என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் சீட்டுக்கு நின்று, வீட்டில் பொய் சொல்லி வாங்கவேண்டியதை அவள் பஸ் மாறும் நேரத்தில் வாங்கிவந்து சாப்பாட்டுக் கூடையில் போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் இசைவாணிக்கும் கொடுத்தாள். இசைவாணி மேசையில் அவளுக்கு அடுத்து நிற்பவள். கைப்பிள்ளைக்குப் பால் மறக்கடித்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும். "கண்ணு முன்னால மினுக்கு மினுக்குனு பூச்சி பறக்குதுக்கா" என்பாள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள். துண்டைக் கட்டிவிட்டதே பல நாள் பாண்டிச்செல்விதான். அந்தத் தலைவலிக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது அட்டை ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் இசைவாணி வாந்தியெடுத்தாள். "அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தாள், சொல் குழறியது. மடிக்கப் பிடித்திருந்த பெட்டி கையிலிருந்து நழுவியது. நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். இசைவாணியின் புருஷன் சோணை, ஓட்டிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான்.

"ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். இளவயதுப் பெண்.

"ஒண்ணும் இல்லம்மா. தலைவலித் தைலம்தான் தேய்ப்பா" என்றான் சோணை.

கம்பெனியிலிருந்து கூடவே வந்திருந்த பாண்டிச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் ஒரு குடும்பத்து ரகசியம் சந்திக்கு வரும். தன்னுடையதும் வரும். சொல்லாமல் விட்டால் உள்ளே கிடப்பவளுக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள்?

"சாப்பிடுறா டாக்டர். புள்ள உண்டாகாம இருக்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

சோணை அவளைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். அது தன்னிடம் கேட்டதா, உள்ளே கிடப்பவளிடம் கேட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"நல்லவேளை சொன்னீங்க" என்ற டாக்டர், தலைவலி எப்படி வரும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "கண்ணுல மின்னல் அடிக்கிற தலைவலி இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாதும்மா. நிறையப் பேருக்கு ஒண்ணும் செய்யாது. இவங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாது."

இசைவாணி பிழைத்துக்கொண்டாள். பேச்சு முக்கால்வாசி திரும்பியது. வலது கை திரும்பவில்லை. கம்பெனியில் வேறு ஆளை எடுத்தார்கள். பாண்டிச்செல்வியின் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் அவளிடம் பேச்சை நிறுத்தினாள். பாண்டிராஜ் மட்டும், கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, அம்மாவிடம் குரலை உயர்த்தினான்: "அன்னைக்கு ரத்தம் போயி இவ செத்திருந்தா ரெண்டு புள்ளைகளையும் நீயா பாப்ப?"

விஷயம் காதுக்கு எட்டி முத்திருளன் ஒரு நாள் தெருவில் நிறுத்தினார். "பாத்தியா தங்கச்சி, இதுக்குத்தான் நான் சீட்டு கேட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "சீட்டு கேட்டீக. தலைவலி இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேக்கலையே அண்ணே. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் சீட்டும் கேக்கல, இதையும் கேக்கல. நானும் கேக்கல."

இசைவாணியைப் பார்க்கப் போக வெகுகாலம் துணிவு வரவில்லை. போனபோது அவள் இடது கையால் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி வாசற்படியிலேயே அழுதுவிட்டாள்.

"ஏன்க்கா அழுகுற?" இசைவாணி ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "இன்னொரு புள்ள வேணாம்னு நெனச்சது நான். அந்த நெனப்பு தப்பில்ல."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பாண்டிச்செல்வியும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கி மீதிச் சோற்றை ஊட்டிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை. கையை விரித்தால் அவர்கள் நேரே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வில்லாபுரம் பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் ஒருத்தி ஒருத்தியாகக் கூட்டிப் போகிறாள். அங்கே பிரஷர் பார்க்கிறார்கள், நாலு கேள்வி கேட்கிறார்கள், ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அங்கேயே சும்மா கொடுக்கிறார்கள். ஒருத்தியைத் திருப்பி அனுப்பிக் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போகிற ஒவ்வொரு முறையும் கம்பெனியில் அவளுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். நாலு கேள்விக்கு எதற்கு அரை நாள், அதைக் கடையிலேயே கேட்டால் ஆகாதா என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் நினைப்பாள்.

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பவதாரிணி மேசையருகே வந்து தயங்கி நின்றாள். கல்யாணமாகி ஆறேழு மாதம்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

பாண்டிச்செல்வி மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தலைவலி வருமா?" என்று கேட்டாள்.